கறக்கும் நேரத்துக்கு முன்

அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே காட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம். மலைகளைக் கடந்து வந்து அங்கே ஒரு ஓடைக்கரையில் ஏழு வெள்ளைக்காரக் குடும்பங்கள் குடியேறின. அவற்றில் ஒன்று ஏனோக்கின் குடும்பம்.

மனைவி தமாரிஸ், பன்னிரண்டு வயது மகள் கெசாயா, நான்கு வயது மகன் யோதாம். ஒரு கோடாரி, ஒரு துப்பாக்கி, விதைச்சோளம், ஒரு பசு. அவ்வளவுதான் கொண்டுவந்தார்கள். முதல் வருடம் பெரிய மரங்களின் பட்டையை உரித்துவிட்டு, அவை பட்டுப்போகக் காத்திருந்தார்கள். பட்ட மரங்களுக்கு நடுவே சோளம் ஊன்றினார்கள். இரண்டாம் வருடம் மரங்களை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மூன்றாம் வருடம் மழை இல்லை. அந்த வருட இலையுதிர் காலத்தில் தமாரிஸ் இறந்தாள். நான்கு நாள் கழித்து யோதாமும் இறந்தான்.

மகனைப் புதைத்த இருபதாம் நாள் காலையில் ஏனோக் தன் போதகரைத் தேடிப் போனான்.

போதகர் ஹோசியா ஓடையின் மேல்முனையில் ஒரு குடிசையில் தனியாக இருந்தார். ஏனோக்கைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பழைய ஊரிலேயே ஏனோக் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தான். அவரை நம்பித்தான் மலையைத் தாண்டினான் என்றும் சொல்லலாம்.

அவர் சோளக்கூழ் கிளறிக்கொண்டிருந்தார்.

"கெசாயா எப்படி இருக்கிறாள்?"

"இருக்கிறாள். அவளுக்குப் பால் பிடிக்காது. அதனால்தான் இருக்கிறாள்."

போதகரின் கை நின்றது. "பாலா?"

"காய்ச்சல் என்று உங்களுக்குச் சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை ஐயா. கைகால் நடுங்கியது. வாந்தி நிற்கவே இல்லை. அவர்கள் படுத்த அன்றுதான் நான் உப்புக் காய்ச்சப் போய்விட்டுத் திரும்பினேன். தெம்பு வரட்டும் என்று இருந்த பாலையெல்லாம் அவர்களுக்கே கொடுத்தேன். யோதாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான். மடியில் போட்டுப் புகட்டினேன்."

"பால்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?"

"அவனைப் புதைத்த இரண்டாம் நாள் கன்று அதேபோல நடுங்கி விழுந்தது. பசுவைத் தேடிப் போனேன். வெளியே புல் கருகிப்போயிருந்ததால் காட்டு நிழலில் மேய்ந்துகொண்டிருந்தது. வாயில் வெள்ளைப் பூப்பூத்த ஒரு செடி. அந்தச் செடியை எனக்குத் தெரியும்."

"எப்படி?"

ஏனோக் தரையைப் பார்த்தான்.

"போன வருடம் ஒரு ஷாவ்னிப் பழங்குடிப் பெண் அதைக் கொண்டுவந்து காட்டினாள். நாம் வருவதற்கு முன் இந்தக் கரை அவர்களுடையது. நம் பாஷை அவளுக்குத் தெரியாது. செடியைக் காட்டினாள், பசுவைக் காட்டினாள். பால் கறப்பதுபோல விரல்களை அசைத்தாள். குடிப்பதுபோலக் கையை வாயருகே கொண்டுபோனாள். பிறகு தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்."

"நீ என்ன செய்தாய்?"

"சாபம் போடுகிறாள் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கினேன். தமாரிஸ் என் கையைப் பிடித்தாள். 'ஏதோ சொல்ல வந்திருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள்' என்றாள். நான் பொறுக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். செடியைக் காலால் எத்தித் தள்ளினேன்."

கூழ் அடிப்பிடித்து வாடை வந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"பசுவை அன்றே சுட்டுவிட்டேன் ஐயா. அதற்கப்புறம் ஒரு நாளும் தூக்கமில்லை. கடவுள் என்னை மன்னிப்பாரா? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"இதையெல்லாம் வேறு யாரிடம் சொன்னாய்?"

"யாரிடமும் இல்லை."

"மற்ற வீடுகளில்?"

"இல்லை."

"ஏன்?"

"உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே."

போதகர் எழுந்தார். அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். காலணிகளை மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"எங்கே ஐயா?"

"உன் வீடு போக ஆறு வீடுகள். மாலையில் பால் கறப்பார்கள்."

வீட்டுக்கு வீடு வெகுதூரம். வழியில் மரநிழலில் அந்தச் செடி நிறைய இருந்தது. ஏனோக் ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டான்.

முதல் வீட்டில் சைலஸ் என்ற கிழவர் இருந்தார். ஏனோக் செடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். "யார் சொன்னது?" என்று கேட்டார் சைலஸ். "உப்புக் காய்ச்சும் இடத்தில் ஒரு வேட்டைக்காரன் நேற்றுச் சொன்னான்" என்றான் ஏனோக். கிழவர் வாளியிலிருந்த பாலை மண்ணில் கவிழ்த்தார். மாட்டைப் பிடித்துவரப் போனார்.

இரண்டாம் வீட்டிலும் அதே வேட்டைக்காரன். அங்கும் பால் மண்ணுக்குப் போனது.

வெளியே வந்ததும் ஏனோக் சொன்னான். "நான் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே."

"பாலைக் கொட்டிவிட்டார்கள் அல்லவா?"

மூன்றாவது, பிரிசில்லாவின் வீடு. அவள் கணவன் சோளம் அரைக்க இரண்டு நாள் தூரம் போயிருந்தான். கதவு திறந்தே கிடந்தது. கணப்பருகே அவளுடைய ஆறு வயது மகள் படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த சின்னக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிரிசில்லா மகளின் தலையைத் தாங்கிப் பிடித்து, கோப்பையை அவள் உதட்டில் வைத்திருந்தாள்.

ஏனோக் பாய்ந்து போய்க் கோப்பையைத் தட்டிவிட்டான். பால் அடுப்புச் சாம்பலில் கொட்டிப் புகைந்தது.

"உனக்குப் பைத்தியமா?" என்று பிரிசில்லா கத்தினாள்.

அவன் செடியை நீட்டினான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவள் செடியையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"யார் சொன்னது?"

"ஒரு வேட்டை..." என்று ஆரம்பித்தான். குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. யோதாமும் அப்படித்தான் பார்த்தான். அதற்குமேல் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பெண் வந்ததை, துப்பாக்கியை, தமாரிஸ் கையைப் பிடித்ததை. கன்று விழுந்ததையும் சொன்னான்.

"உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?"

"பதினெட்டு நாளாக."

"இவள் படுத்து மூன்று நாள் ஆகிறது" என்றாள் பிரிசில்லா. குரலை உயர்த்தவில்லை. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உன் மனைவிக்கு நான்தான் சவத்துணி தைத்தேன் ஏனோக். அன்று இந்த வீட்டுக்குள் நீ வந்து உட்கார்ந்திருந்தாய். பிறகு தெரிந்ததும் ஒரு நடை வந்திருக்கலாம். போய்விடு."

போதகர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீரில் தேன் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். "பிழைப்பாளா?" என்று அவள் கேட்டாள். "தெரியாது அம்மா" என்றார். திரும்பும்போது மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஏனோக் விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்துவிட்டது. பட்ட மரங்களின் நிழல் சோளக்கொல்லை முழுக்க நீண்டு கிடந்தது.

"அவள் என்னை ஒருநாளும் மன்னிக்க மாட்டாள்" என்றான்.

"மன்னிக்காமல் போகலாம்."

"அடுத்த வீட்டிலும் இதைச் சொல்ல வேண்டுமா?"

போதகர் அவனைப் பார்த்தார்.

"காலையில் உங்களிடம் ஒன்று கேட்டேன் ஐயா. கடவுள் மன்னிப்பாரா என்று. நாள் முழுக்கக் கூடவே நடந்தீர்கள். இதுவரை அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை."

காட்டுக்குள் எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டது. தொழுவத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

போதகர் குனிந்து, அவன் காலடியில் கிடந்த செடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இன்னும் மூன்று வீடுகளில் மாடு இருக்கிறது. எழுந்திரு."