காதுக்கு மேல் எலும்பு

சீடனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சீடன் டாக்டர் ஞானதுரை, தாடை அறுவை மருத்துவர். குரு டாக்டர் மதுரவல்லி, அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அணு மருத்துவப் பிரிவுக்குத் தலைவி. அங்கே நோயாளியின் கையில் கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கேமராவுக்கு அடியில் படுக்க வைப்பார்கள். ரத்தம் ஓடும் எலும்பு மருந்தை வாங்கிக்கொண்டு படத்தில் ஒளிரும். செத்த எலும்பு இருட்டாகக் கிடக்கும். அந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் ஞானதுரை தினமும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"மேடம், எலும்பு உயிரோட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பார்த்து."

அன்று படுத்திருந்தவர் சுடலையாண்டி. வாழைத்தார் ஏலம் விடுகிறவர். புற்று தின்ற தாடையை எடுத்துவிட்டு, அவருடைய கால் எலும்பையே வெட்டிப் பொருத்தி, ரத்தக் குழாய்களைத் தைத்தவர் ஞானதுரைதான். அறுவை முடிந்து இன்று ஐந்தாம் நாள். வைத்த எலும்பு செத்திருந்தால் நாளைக் காலை மறுபடி திறக்க வேண்டும்.

சுடலையாண்டிக்குத் தொண்டையில் குழாய். பேச முடியாது. சிலேட்டில் எழுதினார்: "ஏலம் எப்போ விடலாம்?"

"படம் வரட்டும்யா," என்றார் ஞானதுரை.

படம் வந்தது. தாடை தீபாவளி மாதிரி எரிந்தது.

"பார்த்தீங்களா மேடம்! ஒன்பது மணி நேரம் நின்னு வச்சது. எப்படி உயிரோட இருக்கு பாருங்க!"

"காதுக்கு மேலயும் எலும்பு வச்சீங்களா?"

"இல்லையே."

"அங்கயும் எரியுதே."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும் மேடம்."

மதுரவல்லி எழுந்தார். எச்சில் வழிகிறதென்று சுடலையாண்டி முகத்தைச் சுற்றித் தளர்வாகப் போட்டிருந்த துண்டைக் கையுறை மாட்டி எடுத்தார். ஆளை இறக்கி உட்கார வைத்தார். படுக்கையில் துண்டை மட்டும் விரித்துக் கேமராவை ஓடவிட்டார்.

துண்டு எரிந்தது.

"சொல்லுங்க டாக்டர். துண்டுக்கு ரத்த ஓட்டம் எப்படி?"

"மேடம்..."

"அதுக்கு ரத்தக் குழாயை யார் தைச்சது? நல்ல கை."

எலும்பு வாங்காத மருந்து சிறுநீரில் இறங்கும். மூக்குக் குழாய் வழியாக நிறையத் தண்ணீர் கொடுத்து, அடிக்கடி போய்வரச் சொன்னவர் ஞானதுரை. போய்வந்த ஒவ்வொரு முறையும் சுடலையாண்டி சிறுநீர் பட்ட கையைத் துடைத்தது அந்தத் துண்டில். படத்துக்கு முன் அதை எடுக்கச் சொல்ல வேண்டியவரும் ஞானதுரை. சொல்லவில்லை.

சிலேட் நீண்டது. "துண்டு பொழச்சிட்டு. நான்?"

"மறுபடி எடுத்துப் பார்ப்போம்யா," என்றார் ஞானதுரை.

சுடலையாண்டியின் முகத்தையும் கையையும் கழுவி, வேறு உடுப்பு போட்டு, மறுபடி படுக்க வைத்தார்கள். திரையில் படம் புள்ளி புள்ளியாக நிறைந்தது. ஞானதுரை திரையைப் பார்க்கவில்லை. மதுரவல்லியின் முகத்தைப் பார்த்தார்.

"எலும்பு என் மூஞ்சியில இல்ல டாக்டர்."

திரும்பினார். "ஒளிருது. ஆனா தோல்ல ஒட்டினதா இருந்தா? பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கலாமா?"

எடுத்தார்கள்.

"அந்தப் பக்கமும்?"

எடுத்தார்கள்.

"இன்னொரு தடவை முகத்தைக் கழுவிட்டு?"

கழுவினார்கள். எடுத்தார்கள்.

சுடலையாண்டி படுத்தபடியே எழுதிக் காட்டினார். "எங் கல்யாணத்துக்கே இம்புட்டுப் படம் எடுக்கல."

ஞானதுரை நான்கு படங்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் வந்தது. ஆறிப்போனது.

"நாலுலயும் அதே இடத்துலதான் இருக்கு மேடம். எலும்பு மருந்தை வாங்கியிருக்கு. ஏறக்குறைய நல்ல பக்கம் அளவுக்கு. காதுப் பக்கத்து முனை மட்டும் மங்கல்."

"நாளைக்குத் திறக்கணுமா?"

அவர் முதல் படத்திலிருந்து மறுபடி பார்த்தார். நான்காவது வரைக்கும்.

"வேண்டாம்."

"சந்தோஷமா?"

"பயமா இருக்கு மேடம்."

"நல்லது. ரிப்போர்ட் எழுதுங்க."