சுயம்புக்கனி என்ற பெயர்

“நாற்பது வருஷமாக எழுதுகிறேன். என் பாட்டில் ஒரு வரிகூட யார் வாயிலும் நிற்கவில்லை. ஏன்?”

கேட்டவர் ஆறுமுகநயினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாட்டுக் கட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். வயது அறுபத்தொன்று.

கேட்கப்பட்டவள் பேராச்சி. உப்பளத்தில் கூலி வேலை. வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. மளிகைக்கடைப் பொட்டலத் தாள்களைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படித்தவள். அவள் கட்டிய பாட்டுகளை அந்தக் கடற்கரை முழுக்கப் பெண்கள் பாடினார்கள்.

“யாருக்காக சார் எழுதுனிய?”

“தமிழுக்காக.”

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்கு இலக்கணம் ஒண்ணும் தெரியாது சார். என்கிட்ட என்னத்தப் படிக்கப் போறிய?”

“தெரியவில்லை. அதனால்தான் வந்தேன்.”

“அப்ப நாளைக்கு அளத்துக்கு வாங்க.”

போனார். கங்காணி அவரிடம் படித்தவன். தடுக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“தண்ணீர் எங்கேம்மா?”

அவள் கையை நீட்டினாள். முதலாளியின் கொட்டகை. வெகுதூரத்தில், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

நடந்தார். குடித்தார். திரும்பி வந்து சேர்ந்தபோது மறுபடியும் தாகம் எடுத்தது.

“இந்தப் பாத்திதான் சார்” என்றாள் பேராச்சி. “மூணாவது. போன சித்திரையில. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு கிளம்புனா சுயம்புக்கனி. என் சேக்காளி. நாலு எட்டு வச்சா. விழுந்துட்டா. எழுந்திரிக்கவே இல்ல.”

பலகையை எடுத்துக்கொண்டு உப்பு வாரப் போனாள். அன்று பொழுது சாயும்வரை நயினார் எதுவும் எழுதவில்லை.

சுயம்புக்கனிக்காக அவள் கட்டியிருந்த பாட்டு இதுதான்:

பாளம்பாளம் உப்பு மின்னப்
பத்துது கண்ணு
காதம்காதம் நடந்தாலும்
காயுது நாக்கு
மூணாம்பாத்தி ஓரத்துல
சுயம்புக்கனி சாஞ்சா
சொல்லுங்கய்யா தண்ணிக்குடம்
எங்க இருந்துச்சு?

மறுமாதம் ஊர் இலக்கிய மன்றத்தின் செயலாளர் பேராச்சியின் வீட்டுக்கு வந்தார். நயினாரும் அங்கே இருந்தார்.

“உனக்கு மன்றத்துல பாராட்டு விழாம்மா. உங்க முதலாளிதான் தலைமை. அவர் கையால பொன்னாடை. நீ அந்த உப்பளப் பாட்டைப் பாடணும். ஒரே ஒரு திருத்தம்.”

“என்ன திருத்தம்?”

“சுயம்புக்கனிங்கிற பேர் எதுக்கு? ‘ஒருத்தி சாஞ்சா’ன்னு பாடு. எல்லாப் பெண்களுக்கும் பொதுவா இருக்கும்.”

“அந்த ஒருத்திக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு சார். எங்கம்மா பேரு எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

“முதலாளி மனசு நோகும்மா. நாளைக்கும் நீ அந்த அளத்துக்குத்தானே போகணும்?”

“விழாவுக்கு வாரேன்” என்றாள் பேராச்சி. அவ்வளவுதான்.

அவர் போனதும் நயினார் கேட்டார்.

“எந்தப் பேரைப் பாடப் போகிறீர்கள்?”

“செத்தது யாரு சார்?”

விழாவில் கூட்டம் நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் அளத்துப் பெண்கள். மேடை நடுவில் முதலாளி.

பேராச்சி பாடினாள். மூணாம்பாத்தி வந்தது. சுயம்புக்கனி வந்தாள்.

ஒலிபெருக்கி நின்றது.

அவள் நிறுத்தவில்லை. வெறுந்தொண்டையில் பாடினாள். பின்வரிசைப் பெண்கள் எழுந்து வாங்கிப் பாடினார்கள். தண்ணிக்குடம் எங்கே இருந்தது என்று மண்டபமே கேட்டது.

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

செயலாளர் பதறிப்போய் ஒலிபெருக்கியை மறுபடி போடச் சொன்னார்.

“தப்பா நினைக்காதீங்க. நாங்க பேரை மாத்தச் சொன்னது இலக்கணத்துக்காக. அந்த வரியில சந்தம் இடறுது. இதோ, நயினார் ஐயா இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்.”

ஒலிவாங்கி முன்வரிசையில் இருந்த நயினாரின் கைக்கு வந்தது.

அவர் அந்த வரியின் அசைகளை விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பொய் சொல்ல அவருக்கு வராது.

“இடறுகிறது” என்றார்.

செயலாளரின் முகம் தெளிந்தது. முதலாளி உட்கார்ந்தார்.

பேராச்சி மேடையிலிருந்து நயினாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இடறத்தான் செய்யும்” என்றார் நயினார். “சுயம்புக்கனி விழுந்த இடம் அது.”