பிடரித் துண்டும் மிச்ச அண்ணாச்சியும்

கோணக்குடியில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தல் ஆவுடையப்பன் அண்ணாச்சியுடையதுதான். கூடமாட வேலை செய்யத் தம்பிகள் இசக்கியும் பிச்சுமணியும். மூளையைத் தவிர மற்ற எல்லாச் சாமானும் அவர்கள் கடையில் வாடகைக்குக் கிடைக்கும்.

அண்ணாச்சியின் பிடரியில் இருந்த மச்சம் நிறம் மாறி வளர்ந்துகொண்டே வந்தது. டவுன் டாக்டரம்மா அதில் ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தையல் போட்டுக் கட்டினார். "கெட்டதா இல்லையான்னு ரிசல்ட் வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் புண்ணைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றார். அண்ணாச்சிக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. மிச்சப் பாதியைத் தம்பிகளை நம்பி ஒப்படைத்தார்.

"கட்டு நனையக் கூடாது" என்பது டாக்டரம்மாவின் முதல் உத்தரவு. வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி சம்சாரம் உலகம்மாள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இசக்கி பதறிப்போய் நடுவில் பாய்ந்தான்.

"மதினி, கட்டு நனையுது! அழணும்னா கொல்லைப்பக்கம் போயி அழுங்க."

பாவம், அவளும் அழுகை வரும்போதெல்லாம் கொல்லைக்கு ஓடினாள்.

"கையைக் கழுவிட்டு, வேற எதையும் தொடாம மருந்து போடணும்" என்பது அடுத்தது. பிச்சுமணி சோப்புப் போட்டுக் கழுவினான். குழாயை மூடினான். ஐயையோ, குழாயைத் தொட்டுவிட்டோமே! திறந்து மறுபடி கழுவினான். மறுபடி மூடினான். தொட்டித் தண்ணீர் முழுக்கத் தீர்ந்து, குழாய் தானாக நின்ற பிறகுதான் அண்ணாச்சிக்கு மருந்து கிடைத்தது.

"வெயில் படக் கூடாது" என்றால் அது இவர்கள் தொழிலாயிற்றே, விடுவார்களா? அண்ணாச்சி டீக்கடைக்குப் போனாலும் தலைக்கு மேல் பந்தல். கடையாட்கள் நாலு பேர் நாலு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்கள். சாமி புறப்பாடு என்று நினைத்து மேலத்தெருவில் ஒரு அம்மாள் தேங்காயே உடைத்துவிட்டாள். அண்ணாச்சிக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஒருநாள் கட்டுக்குள்ளிருந்து ரத்தம் கசிந்தது. பிச்சுமணி துணியை வைத்து அழுத்தினான்.

"ஏலே, ரத்தம் நின்னுட்டா?" என்றார் அண்ணாச்சி.

"தெரியலையே அண்ணே. நிக்கிற வரைக்கும் அழுத்தணும்னாங்க. நின்னுட்டான்னு எடுத்துப் பாக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"எடுக்காம எப்படிடா தெரியும்?" என்றான் இசக்கி.

"அதான் எனக்கும் விளங்கல."

விளங்காததால் விடவில்லை. பிச்சுமணி கை ஓய்ந்தால் இசக்கி, இசக்கி கை ஓய்ந்தால் பிச்சுமணி. தையல் பிரிக்கும் நாளன்று பிடரியில் ஒரு கை, தலைக்கு மேல் பந்தல் என்று ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கூட்டத்தைப் பார்த்து டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். எப்படியோ புண் ஆறியிருந்தது. தையலைப் பிரித்துவிட்டுச் சிரித்தார். "ரிசல்ட் வந்திருச்சு. அந்தத் துண்டுல கெட்டது ஒண்ணுமில்ல. நிம்மதியாப் போங்க."

அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட வந்திருந்த உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே அழுதார். வாசல்வரை வந்ததும் இசக்கி டக்கென்று நின்றான்.

"அண்ணே, துண்டு நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க? அது அவங்ககிட்டல்லா இருக்கு. நம்மகிட்ட இருக்கது மிச்ச ஆளு!"

"அப்ப மிச்சத்தையும் பரிசோதனைக்கு அனுப்பிர வேண்டியதுதாம்லே" என்றார் அண்ணாச்சி. எப்படி அனுப்புவது என்று பிச்சுமணி நர்ஸம்மாவிடம் ஓடி விசாரித்து வந்தான். "பாட்டில்ல போட்டு, மூடி, பேரை எழுதி அனுப்புவாங்களாம்."

அவ்வளவு பெரிய பாட்டிலுக்கு எங்கே போவது? கடைக்குத் திரும்பி, அங்கே இருந்ததிலேயே பெரிய பிரியாணி அண்டாவை இறக்கினார்கள். அண்ணாச்சி சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே இறங்கிக் குத்தவைத்தார். பிச்சுமணி வெளியே சாக்கட்டியால் பெயரெழுதினான்.

உலகம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "முழு ஆளையும் அனுப்பிட்டா வீட்டுல யாரு இருப்பா? கொஞ்சமாச்சும் வச்சுட்டுப் போகக் கூடாதா?"

நியாயம்தானே! அண்ணாச்சி ஒரு காலை அண்டாவுக்கு வெளியே நீட்டினார். இசக்கி சுண்டுவிரல் நகத்தை வெட்டி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

உலகம்மாள் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கட்டிலில் தலையணைமேல் வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ராத்திரிக்குத் தோசையா, இட்லியா?"