அரண்மனைத் தொட்டிக்கு வைத்த முத்திரை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை உதயகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். அப்படித்தான் ஒருநாள் தாமரைமேல் ஆசை வந்தது. தலைநகரில் வீட்டுக்கு வீடு வாசலில் தாமரைத் தொட்டி இருக்க வேண்டும், அந்தத் தண்ணீரை யாராவது கீழே கொட்டினால் பத்துக் கசையடி என்று பறை அறைந்தார்கள். யோசனை சொன்னவர் நந்தவன அதிகாரி கோமளராயர்.

இரண்டே மாதத்தில் ஊரெல்லாம் தாமரை. வடக்குக் கோட்டைவாசலை ஒட்டிய பாய்க்காரத் தெருவில் மட்டும் தாமரையோடு காய்ச்சலும் வந்தது. மற்ற தெருக்களில் வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தன, கட்டிலுக்குக் கொசுவலை இருந்தது. இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய எண்பது வீடுகள். அதில் ஐம்பது வீடு குளிரிலும் நடுக்கத்திலும் படுத்துவிட்டது.

கோமளராயர் சபையில் எழுந்தார். “மகாராஜா, அது அழுக்குத் தெரு. அந்த ஜனங்களின் வியர்வையில்தான் கொசு பிறக்கிறது. தெருவையே பெயர்த்து ஆற்றுக்கு அக்கரையில் போட்டால் நகரம் சுத்தமாகிவிடும்.”

“ஆகட்டும். அமாவாசைக்குள் காலி செய்யட்டும்” என்றார் ராஜா.

அந்தத் தெருவில் பாய் முடைகிறவள் சிலம்பாயி. சேதி கேட்டதும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. ‘வியர்வையில் கொசு பிறக்குமாம். இந்த மனுஷன் என்றைக்காவது வியர்க்க வேலை செய்திருந்தால் தெரிந்திருக்கும்.’

ஆனால் கத்திப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாருக்கு முதலில் வந்தது, எப்போது வந்தது, எங்கே படுத்திருந்தார்கள் என்று ஒருவரையும் விடாமல் கேட்டாள். காய்ச்சல் வராத முப்பது வீட்டுக்கும் போனாள். பாதி வீட்டில் தொட்டி விரிசல் விட்டுத் தண்ணீரே நிற்கவில்லை. மீதி வீட்டில் பிள்ளைகள் ஆற்றில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டிருந்தார்கள்.

போதாதா? கோரையை ஊறப்போடுகிற தெருவுக்கு இது புதிதில்லை. ஊறல் தண்ணீரை மூன்று நாளைக்கொருமுறை மாற்றாவிட்டால் கூத்தாடிப் புழு நெளியும். அடுத்த வாரம் அதற்கே இறக்கை முளைத்துக் கொசுவாகப் பறக்கும். கோரைத் தொட்டியைக் கவிழ்க்கலாம். ராஜாவின் தொட்டியைக் கவிழ்த்தால் கசையடி. உங்கள் தாமரையால்தான் காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னாலோ தலையே போய்விடும்.

மறுநாள் சபையில் போய் நின்றாள்.

“மகாராஜா, ராயர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நாங்கள் அழுக்கு. ஆனால் அரண்மனை வாசல் தொட்டி?”

“புனிதமானது” என்று கோமளராயர் முந்திக்கொண்டார். “நானே பார்த்துப் பார்த்து வளர்ப்பது. அதில் ஒரு தூசி இருக்குமா, பெண்ணே?”

“அப்படியானால் எங்கள் தெருக்காரன் விரல்கூடப் படாத அரண்மனைத் தொட்டிகளில் இரண்டைச் சபைக்குக் கொண்டுவரட்டும். மகாராஜாவின் மஸ்லின் மேலாடையால் மூடி முத்திரை வைக்கட்டும். ஒன்றில் மட்டும் ஐந்து கெண்டைக் குஞ்சு விடுங்கள். எட்டு நாள் கழித்துத் திறப்போம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் சிப்பாய் வர வேண்டாம், நாங்களே பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கரைக்குப் போகிறோம்.”

“தாமரைக்கு மீன் காவலா?” என்று ராயர் சிரித்தார். “வையுங்கள் மகாராஜா, வேடிக்கை பார்ப்போம்.”

எட்டாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. மீன் இல்லாத தொட்டியின் முத்திரையை ராஜாவே சோதித்து உடைத்தார். துணியை விலக்கினதுதான் தாமதம், கரும்புகைபோல ஒரு கொசுக்கூட்டம் எழுந்து அவர் முகத்தில் மொய்த்தது. வேங்கைநாட்டு ராஜா தன் மூக்கில் தானே பளாரென்று அறைந்துகொண்டார். சிரிக்க யாருக்குத் தைரியம்?

“யார் இதற்குள் விட்டது?”

“அந்தத் தெருக்காரர்கள்தான் பிரபு, துணி வழியாக ஊதி...” என்று இழுத்தார் ராயர்.

“ராயரே, இந்தத் துணியில் மாவுகூட இறங்காது. கொசுவை எப்படி ஊதுவது? நீங்கள் ஊதிக் காட்டுங்கள்” என்றாள் சிலம்பாயி. பிறகு ராஜாவைப் பார்த்தாள். “இவை அரண்மனைத் தண்ணீரில் பிறந்தவை மகாராஜா. உங்கள் முத்திரைக்குள் வளர்ந்தவை. எங்கள் வியர்வை இவற்றின்மேல் ஒரு சொட்டுப் படவில்லை. கொசு பிறக்கிற இடத்தைத்தான் அக்கரைக்கு அனுப்ப வேண்டும் என்றால், முதலில் போக வேண்டியது எது என்று நீங்களே சொல்லுங்கள்.”

ராஜா இரண்டாவது தொட்டியைத் திறந்தார். ஒரு கொசு இல்லை. ஐந்து மீனும் கொழுத்துப்போய் நீந்திக்கொண்டிருந்தன.

ராஜா வீங்கின மூக்கைத் தடவிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். “ராயரே, என் ஆசைக்குக் காய்ச்சலில் கிடந்தது அவர்கள். பழியும் அவர்கள்மேலா?”

அன்றைக்கே உத்தரவு மாறியது. தொட்டிதோறும் மீன் விட வேண்டும். மீன் இல்லாதவர்கள் மூன்று நாளைக்கொருமுறை தண்ணீரைக் கொட்டலாம். காய்ச்சல்காரர்களுக்கு அரண்மனை வைத்தியர் வீட்டுக்கே போய்க் கஷாயம் கொடுக்க வேண்டும். வாராவாரம் பாய்க்காரத் தெருவில் எண்பது தொட்டியையும் குனிந்து பார்த்துப் புழு இல்லை என்று வந்து சொல்வது கோமளராயர் வேலை.

“உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார் ராஜா.

“எங்களை அழுக்குத் தெரு என்று இந்தச் சபையில்தான் சொன்னார்கள். இல்லை என்பதையும் இந்தச் சபையில்தான் சொல்ல வேண்டும்.”

சொன்னவர் வாயாலேயே சொல்ல வைத்தார் ராஜா. இரண்டு தரம். முதல் தரம் ராயர் முணுமுணுத்தது பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

“இவ்வளவு புத்திசாலி அங்கே எதற்கு இருக்க வேண்டும்? அரண்மனைத் தெருவில் உனக்கு ஒரு மாளிகை தருகிறேன், வந்துவிடு” என்றார் ராஜா.

சிலம்பாயி கைகூப்பினாள். “வேண்டாம் மகாராஜா. எனக்கு வீடு இருக்கிறது, பாய்க்காரத் தெருவில்.”

சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு தன் தெருவைப் பார்த்து நடந்தாள்.