பீரோவுக்குள் போன தக்காளிச் சிவப்பு

நெட்டூரணிப்பட்டியில் புத்தி எல்லாருக்கும் உண்டு. எடுத்தால் தேய்ந்துபோகும் என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. அந்த ஊரிலேயே ரொம்பச் சிக்கனமாக இருந்தவர்கள் உக்கிரபாண்டியும் அவர் தம்பிமார் சின்னாண்டி, தவசி இரண்டு பேரும்.

கடைசித் தம்பி தவசிக்கு வயசு முப்பத்தாறு. பதினாலு வீட்டில் பெண் பார்த்து, பதினாலு வீட்டிலும் கேசரியைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தவன். பதினைந்தாவது வீட்டில் காபி மூக்கில் ஏறித் தும்மினான். அந்த வீட்டுப் பெண் செவ்வந்தி முகம் சுளிக்கவில்லை, சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டு ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்லி வைத்திருந்தான்.

செவ்வந்தியின் அப்பா கருத்தக்கண்ணன் டவுனில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் அடித்த பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தவசி வீட்டில் சும்மா கிடந்த பழைய அம்பாசிடரை வாங்கிக்கொண்டு போய், தக்காளிச் சிவப்பில் அடித்து, சாவியை அவன் கையில் கொடுத்தார்.

“மாப்ளே, இது என் கையால அடிச்ச பெயிண்டு. முப்பதாம் நாள் வந்து பார்ப்பேன். ஒரு கீறல் இல்லேன்னா அன்னைக்கே பரிசம். ஒரே ஒரு கீறல் இருந்துச்சு, பொண்ணை மறந்துருங்க. முப்பது நாள் பெயிண்டைக் காப்பாத்தத் தெரியாதவன் என் பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்?”

தவசி சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“என்ன செய்யணும் சொல்லுங்க மாமா.”

“புதுப் பெயிண்டு உள்ளுக்குள்ள இன்னும் காயணும். வெயில்ல போடாதீங்க. மரத்தடியிலயும் போடாதீங்க, பிசின் ஒழுகும். துணி போட்டு மூடாதீங்க, பெயிண்டு மூச்சு விடணும். காக்கா எச்சம் பட்டா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க. அவ்வளவுதான்.”

அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரு சொல் சிந்தாமல் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறும்போது ஆலோசனை ஆரம்பமானது.

“வெயில் கூடாது. மர நிழல் கூடாது. துணி நிழலும் கூடாது. மிச்சம் என்னடா நிழல் இருக்கு?” என்றார் உக்கிரபாண்டி.

“ஆள் நிழல் இருக்கே அண்ணே,” என்றான் சின்னாண்டி.

நியாயமான பேச்சு. மூவரும் காருக்குக் கிழக்கே தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எட்டு மணிக்கு நிழல் ஜோராகக் கார் மேல் விழுந்தது. நேரம் ஆக ஆக அது சுருங்கி, உச்சிப்பொழுதுக்கு அவரவர் காலடியில் வந்து பதுங்கிக்கொண்டது.

“டேய் தவசி, காலைல அம்புட்டு நிழல் குடுத்தே, இப்ப ஏன்டா கஞ்சத்தனம் பண்றே? கல்யாணம் உனக்கா எனக்கா?” என்றார் உக்கிரபாண்டி.

“நான் வச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்? காலைல ரெண்டே ரெண்டு இட்லி தின்னேன். அதுக்கு இவ்வளவுதான்ணே வருது.”

அதிலும் நியாயம் இருந்தது. வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலமே வீட்டின் முன்சுவரை இடித்துக் காரை உள்ளே விட்டார்கள். இடம் போதவில்லை. அதனால் கட்டில், பீரோ, அடுப்பு, ஆட்டுக்குட்டி, அண்ணன் தம்பி மூவர், எல்லாரும் வெயிலுக்குக் குடிவந்தார்கள்.

“சுவர் போனா எழுப்பிக்கலாம். செவ்வந்தி போனா எங்க போய் எழுப்புறது?” என்றான் தவசி.

அடுத்த கவலை மூச்சு. பெயிண்டு மூச்சு விடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே? சின்னாண்டி பஞ்சைத் திரித்துக் காரின் முன்பக்கச் சல்லடைக்கு நேராகப் பிடித்தான். பஞ்சு ஆடியது. “சுகமா இருக்கு,” என்றான். தினமும் இப்படிப் பார்த்து, நிம்மதியாகக் கஞ்சி குடித்தார்கள்.

பத்தாம் நாள் மத்தியானம் காற்று நின்றுபோனது. பஞ்சு ஆடவில்லை.

“போயிருச்சுடா!” உக்கிரபாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தவசி மண்ணில் விழுந்து புரண்டான். சத்தம் கேட்டு ஊரே கூடியது. ஆண்கள் முறைப்படி கையைக் கொடுத்துத் துக்கம் விசாரித்தார்கள். பெண்கள் காரைச் சுற்றி உட்கார்ந்து, அது நல்லா இருந்த காலத்தைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். சங்கு ஊதுகிறவர் வந்தார். கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று முன்னால் போய் நின்று ஒரே ஊது ஊதினார். சின்னாண்டி கையில் இருந்த பஞ்சு துள்ளிக் குதித்தது.

“உசுரு வந்திருச்சு!”

சங்கு ஊதி ஆளைப் பிழைக்க வைத்தவர் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து மரியாதை செய்தார்கள்.

இருபதாம் நாள், இடித்த சுவரின் தூசியெல்லாம் காரின் மேல் படிந்து கிடந்தது.

“கழுவிரலாமா அண்ணே?”

“எச்சம் பட்டாத்தானே கழுவச் சொன்னாரு. பட்டுச்சா?”

“படலியே.”

“அப்பக் காக்காவைக் கூப்பிடு.”

இலை போட்டு, சோறு, பருப்பு, உளுந்தவடை எல்லாம் வைத்து, மூவரும் கைகட்டி நின்று “கா, கா” என்று அழைத்தார்கள். ஒரு காக்கா வந்தது. வடையை முழுசாகத் தின்றது. பானட்டில் ஏறி, எண்ணெய் அலகைத் தீட்டிக்கொள்ளலாம் என்று குனிந்தது.

“ஐயோ, என் பொண்டாட்டி!” என்று அலறிக்கொண்டு தவசி பாய்ந்தான். அலகுக்கும் பெயிண்டுக்கும் ஒரு விரல்கடைதான் இடைவெளி. காக்கா பறந்துவிட்டது. போகிற போக்கில் எச்சமாவது போட்டுவிட்டுப் போனதா என்றால் அதுவும் இல்லை. நன்றிகெட்ட ஜென்மம்.

தவசி கையை விரித்துப் பானட்டை மறைத்துக்கொண்டு நின்றான். “இன்னும் பத்து நாள் இருக்கே. காக்கா இருக்கு, கோழி இருக்கு, எத்தனையைத் தடுப்பேன்?”

சின்னாண்டி கேட்டான்: “அண்ணே, இம்புட்டு ஆபத்தும் யாருக்கு? காருக்கா, பெயிண்டுக்கா?”

“பெயிண்டுக்குத்தான்.”

“நகைநட்டை யாராச்சும் வெளியில போட்டு வைப்பாங்களா? பீரோவுல வச்சுப் பூட்டுவாங்க.”

“பீரோவுக்குள்ள காரு போகாதேடா?”

“காரு எதுக்குப் போகணும்? பெயிண்டு போனாப் போதுமே.”

உக்கிரபாண்டி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே வயிற்றில் பிறந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தவசி மட்டும் தயங்கினான்.

“சுரண்டினாக் கீறல் விழுமேண்ணே?”

“விழும். தகரத்துல விழும். தகரத்தைப் பத்தி மாமா ஏதாச்சும் சொன்னாரா?”

சொல்லவில்லைதான். தோசைக்கரண்டி, உளி, உப்புத்தாள் சகிதம் மூவரும் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் வேலை ஓடியது.

முப்பதாம் நாள் கருத்தக்கண்ணன் தாம்பூலத்தட்டோடு வந்தார். பின்னாலேயே செவ்வந்தியும் வந்தாள். முன்சுவர் இல்லாத வீட்டுக்குள் வெறும் தகரமாக நின்ற காரைப் பார்த்ததும் அவர் தட்டைச் செவ்வந்தி கையில் கொடுத்துவிட்டார்.

“பெயிண்டு எங்க மாப்ளே?”

தவசி பீரோவைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினான். “பத்திரமா இருக்கு மாமா. ஒரு கீறல் இருந்தா என்னைச் செருப்பால அடிங்க.”

கருத்தக்கண்ணன் மூடியைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவர் முகம் இருண்டது. செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அறிவு இருக்காய்யா உங்களுக்கு?” என்று வெடித்தார் கருத்தக்கண்ணன். “எல்லாத்தையும் சுரண்டி ஒரே டப்பாவுல கொட்டி வச்சிருக்கீங்களே, இதுல எது கதவு, எது டிக்கின்னு நான் எப்படிய்யா கண்டுபிடிப்பேன்?”

“இது பானட்டு மட்டும்தான் மாமா,” என்றான் தவசி.

பீரோவிலிருந்து மிச்ச எட்டு டப்பாவையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். கூரை, டிக்கி, முன்கதவு ரெண்டு, பின்கதவு ரெண்டு, மட்கார்டு ரெண்டு. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

கருத்தக்கண்ணனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. “மாப்ளே!” என்று அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். காருக்கு மாலை போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலம் கிளம்பியது. சீட்டு முழுக்க ஒன்பது டப்பாவும் உட்கார்ந்துவிட்டதால், பொண்ணும் மாப்பிள்ளையும் காருக்குப் பின்னாலேயே மூணு மைல் நடந்து வந்தார்கள்.