கூப்பிடாமலே வர்றவ

ஒரு ஊர்ல, ஆறு வத்தாம ஓடுன அந்தக் காலத்துல, ஒச்சாயின்னு வாத்து மேய்க்கிறவ ஒருத்தி இருந்தாளாம். வீடு கிடையாது, வாசல் கிடையாது. எங்க அறுப்பு முடியுதோ அங்க வாத்தை ஓட்டிக்கிட்டுப் போயிருவா.

ஒரு வருசம் அரமனைக் களஞ்சியத்துல இருந்த விதைநெல்லு மூட்டையெல்லாம் காணாமப் போச்சு. காவக்காரன் சடையாண்டி மேலயும் சந்தேகம், பக்கத்து வயல்ல வாத்துக்குப் பட்டி போட்டிருந்த ஒச்சாயி மேலயும் சந்தேகம். ரெண்டு பேரையும் பிடிச்சு அடைச்சுட்டாங்க. விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கு. உள்ள உக்காந்த ஒச்சாயிக்கு, மேய்ப்பாரில்லாத வாத்து நெனப்பு, அறுத்த நெல்லுத் தாள்ல மழை விழுந்தா ஒரு வாசம் வருமே, அந்த நெனப்பு. நெனச்சு நெனச்சு அழுதா.

விசாரணை நாள் வரைக்கும் வெளிய விடலாமான்னு பாக்க, நியாயாதிபதி ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. "சாமி, எனக்கு மச்சு வீடு இருக்கு, நான் எங்க ஓடப்போறேன்?"ன்னான் சடையாண்டி. சரி போன்னு விட்டுட்டாரு. அப்புறம் ஒச்சாயியப் பாத்து,

"வீடு இருக்கா?"

"இல்லைங்க சாமி."

"நெலம் இருக்கா?"

"இல்லைங்க சாமி."

"சொந்தபந்தம்?"

"வாத்துதானுங்க சாமி."

சபையே சிரிச்சுச்சு. நீங்களுந்தான் சிரிக்கிறீங்க!

"அப்ப உன்னை விட்டா, திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்?"

அப்ப மாயக்கான்னு, வெள்ளாமை பாக்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பொம்பளை எந்திரிச்சா. "ஐயா, பன்னெண்டு வருசமா எங்க வயல்ல அறுப்பு முடிஞ்ச மறுநாள் இவ வந்து நிப்பா. காய்ச்சல்லகூட வந்தா. இவளுக்கு நான் ஜாமீன்."

நியாயாதிபதி யோசிச்சாரு. "கூப்பிடாமலே வர்றவ, கூப்பிட்டா வராமலா போவா? போயிட்டு எட்டாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள வா."

ஓடினா ஒச்சாயி. ஒரு நாள் தேடினா, ரெண்டு நாள் தேடினா, மூணாம் நாள்தான் ஆத்துக்கு அக்கரையில வாத்து கெடச்சுச்சு. அப்புறம் பாத்தா அடைமழை! ஆறு பெருகி, படகும் இல்லை பரிசலும் இல்லை. எட்டாம் நாள் கரையோரமா வாரா, அங்க சடையாண்டி! திருடுன நெல்லைப் படகுல ஏத்தி ஓடிவந்தவன். நெல்லு நனஞ்சு ஊறி முளை விட்டு, கல்லாக் கனத்து, படகு சேத்துல புதைஞ்சு நிக்கிது.

"அடி கிறுக்கி, எங்க போற? படகைத் தள்ளு, பாதி நெல்லு தாரேன், ரெண்டு பேரும் ஓடிருவோம்."

"நான் போகலைன்னா மாயக்கா தலையில்ல குனியும்?"ன்னுட்டு, வாத்தோட வாத்தா ஆத்துல விழுந்து நீந்தினா.

பொழுது சாயறப்ப ஈரச்சேலையோட சபையில நின்னு கண்டதைச் சொன்னா. சேவுகங்க போயி சடையாண்டியப் பிடிச்சாந்தாங்க. முளைச்ச நெல்லு வீணாகக் கூடாதுன்னு, அரமனை வயல் அம்புட்டையும் அவனையே உழுது விதைக்க வச்சு, அப்புறம் கொண்டுபோய் அடைச்சாங்க.

மாயக்கா எந்திரிச்சு வந்தா. முந்தானையால ஒச்சாயி தலையத் தொவட்டி விட்டா.

மச்சு வீட்டுக்காரன் ஓடினான், சொன்ன சொல்லுக்காரி வந்தா. அம்புட்டுதான் கதை, பொரண்டு படுங்க.