ஒன், டூ, த்ரீ, ஃபோர்

“பதினோரு தடவை எடுத்தேன் மேடம். பதினோரு தடவையும் பய பிணம் மாதிரி பேசுறான்!”

சிரில் ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் போட்டான்.

ஒரு காலத்தில் அவன் பங்க் பாடகன். பெட்ரோல் பங்க் இல்லை. தொண்டை கிழியக் கத்துகிற பங்க் இசை. ராயபுரத்தில் அவன் வாயைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல்கள் பயந்துபோய்ப் பதிலுக்கு ஊதும். தொண்டை போனதும் ஆவணப்படத்துக்கு வந்தான். தொழில் கற்றுக்கொள்ள எடிட்டர் ஹசீனாவிடம் சேர்ந்தான். அவள் அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். அதில் வேறு அவனுக்கு எரிச்சல்.

இந்தப் படம் பாஸ்கலைப் பற்றியது. சிரிலுடைய டிரம்மர். ஒருநாள் பாட்டு நடுவில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனவன். இப்போது டிங்கரிங் ஷெட்டில் கார் நெளிசல்களைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

ஏன் போனான்? இருபது வருஷமாக சிரிலைக் குடைகிற கேள்வி. படமே அதற்காகத்தான்.

ஹசீனா ஓடவிட்டாள். திரையில் பாஸ்கல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

“வணக்கம் சார். எங்கள் இசைக்குழுவானது கருத்து வேறுபாட்டின் காரணமாக...”

“பாருங்க! என்னையப் போய் சாருங்கிறான். ஒரே தட்டுல தின்னவன்!”

ஹசீனா பதினோரு துண்டுகளையும் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் சிரில் “ஃபோர்” என்று சொல்லும் இடத்துக்குப் பின்னால் இருந்த அத்தனையையும் வெட்டி எறிந்தாள்.

“ஐயோ மேடம்! பேட்டியே அங்கதான் ஆரம்பிக்குது!”

“அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?”

“ஒரு மண்ணும் இல்ல. கேமராவ ஓடவிட்டுட்டு மைக்க சரிபண்ணிட்டிருப்பேன். அப்புறம் நாலு எண்ணுவேன். மேடைப் பழக்கம்.”

அவள் மிச்சத்தை ஓடவிட்டாள்.

பாஸ்கல் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “டேய் சிரிலு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அன்னிக்கு நான்...”

“இரு, இரு. ஒன், டூ, த்ரீ, ஃபோர்!” கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிலின் குரல்.

அடுத்தது. “டேய், அன்னிக்கு நான் எறங்குனது எதுக்குன்னா...”

“இருடா, மைக் கோணலா இருக்கு. ஒன், டூ...”

அதற்கடுத்தது. “கேளுடா முதல்ல...”

“ஒன், டூ...”

பதினோராவதில் பாஸ்கல் எதுவும் சொல்லவில்லை. தானாகவே நான்கு விரலை மடக்கி எண்ணிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

திரை கறுத்தது.

சிரில் திரைப்பக்கம் குனிந்தான்.

“என்ன மேடம் சொல்ல வந்தான்?”

ஹசீனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“என்னையா சார் கேக்குறீங்க?”